லைனர் கண்ணாடி மாதிரி மின்னக் கூடாது!

டீசல் இன்ஜின் பராமரிப்பு பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: ‘புது லைனர், புது பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டாச்சு. ஆனாலும் நீலப்புகை நிற்கவில்லை. ஆயில் குடிக்கிறது.’ கோவில்பட்டி பக்கத்து வாசகர் ஒருவர் இன்னும் ஒரு வரி சேர்த்திருந்தார். ‘லைனரை மெக்கானிக் எமரி போட்டுக் கண்ணாடி மாதிரி தேய்த்துத்தான் மாட்டினார். முகமே தெரிந்தது. அப்படியிருந்தும் ஏன் சார் இப்படி? மறுபடி பிரிக்கச் சொல்கிறார்கள். பருத்திக்குத் தண்ணீர் கட்ட வேண்டிய நேரம்.’

முகம் தெரிந்ததுதான் கோளாறு. இதைச் சொன்னால் பலரும் நம்புவதில்லை. உரசும் இடம் எவ்வளவு வழவழப்பாக இருக்கிறதோ அவ்வளவு தேய்மானம் குறையும் என்பதுதான் நம் எல்லோருடைய கணக்கு. ஓரளவுக்கு அது சரி. அந்த அளவைத் தாண்டினால் கணக்கு தலைகீழாகிவிடும். எங்கே வழவழப்பு வேண்டும், எங்கே கீறல் வேண்டும், எங்கே குழி வேண்டும் என்று தெரிந்துகொண்டால் இன்ஜினுக்கும் பம்புக்கும் கலப்பைக்கும் சேர்த்துக் கொஞ்சம் பணம் மிஞ்சும்.

ஆயிலின் மேல் மிதக்கும் இரும்பு

1883-ல் இங்கிலாந்தில் பொசாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் பெட்டி அச்சின் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆயில் விடுவதற்காக பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு சுற்றத் தொடங்கியதும் ஆயில் உள்ளே போவதற்குப் பதிலாக அந்தத் துளை வழியாக மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார். தக்கை வெளியே வந்துவிட்டது. மர ஆப்பு அடித்தார், அதையும் தள்ளிவிட்டது. அச்சுக்கும் பேரிங்குக்கும் இடையில் ஆயில் சும்மா ஈரமாக ஒட்டிக்கொண்டில்லை, பெட்டியின் பாரத்தையே தூக்கும் அழுத்தத்தோடு நிற்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. 1886-ல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற பேராசிரியர் அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

சுருக்கமாகச் சொன்னால், வேகமாக நகரும்போது இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. நடுவில் ஆயில் படலம் மிதக்க வைக்கிறது. வேகம் குறைந்தால் படலம் மெலியும். நின்றே போனால் இரும்பும் இரும்பும் தொட்டுவிடும். தேய்மானம் நடப்பது அங்கேதான்.

இப்போது உங்கள் இன்ஜினை நினைத்துப் பாருங்கள். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் இன்ஜின், பிஸ்டன் ஓடும் தூரம் 110 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி வேகம் வினாடிக்கு ஐந்தரை மீட்டர். நல்ல வேகம்தான். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை பிஸ்டன் நின்று திரும்புகிறது. நிமிடத்துக்கு 3000 தடவை அது ‘நிற்கிறது’. அதிலும் மேலே நிற்கும் நேரம், டீசல் வெடித்து, சூடும் அழுத்தமும் உச்சத்தில் இருக்கும் நேரம். பழைய லைனரைக் கழற்றினால் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே விரல் நகத்தில் ஒரு படி தட்டுப்படும், கவனித்திருப்பீர்கள். மேல் ரிங் நின்று திரும்பும் இடம் அது.

அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ரிங்குக்கு ஆயில் எங்கிருந்து கிடைக்கும்? லைனர் சுவரில் இருக்கும் கீறல்களில் இருந்துதான். புதிய லைனரை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பாய் முடைந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் தெரியும். ஹோனிங் கோடுகள் என்பார்கள். யாரோ கவனக்குறைவாகக் கீறிவிட்டது அல்ல, வேண்டுமென்றே போட்டது. ஒவ்வொன்றும் சில மைக்ரான் ஆழம்தான் இருக்கும். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். ஆனால் அந்தச் சின்ன வாய்க்கால்களில் தங்கும் ஆயில்தான் பிஸ்டன் நிற்கும் கணத்தில் ரிங்கைக் காப்பாற்றுகிறது.

எமரி போட்டுக் கண்ணாடி மாதிரி தேய்த்தால் வாய்க்கால் எல்லாம் மூடிப்போகும். ஆயில் தங்க இடமில்லை. ரிங் சுவரோடு பொருந்தி உட்காராது. உட்காராத ரிங்கின் ஓரத்தில் வெடிப்பு வாயு கீழே இறங்கும், ஆயில் மேலே ஏறி எரியும். அதுதான் நீலப்புகை.

சாய்வு முக்கியம்

கோடு இருந்தால் மட்டும் போதாது. சாய்வும் சரியாக இருக்க வேண்டும். பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் இரண்டு பக்கக் கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் கோணம் 45 முதல் 60 பாகைக்குள் இருக்கும். உங்கள் இன்ஜின் கையேட்டில் சொல்லியிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். டிரில் மெஷினில் ஹோனிங் கல்லை மாட்டி, மேலும் கீழும் அசைக்காமல் ஒரே இடத்தில் சுற்றவிட்டால் கோடுகள் வளையல் மாதிரி படுத்துவிடும். ஆயில் அளவுக்கு மேல் தங்கும், ரிங் அதிரும். வேகமாக ஏற்றி இறக்கினால் கோடு செங்குத்தாக நிமிர்ந்து, ஆயில் கீழே வழிந்துவிடும். சுற்றும் வேகத்துக்கு ஏற்ற மாதிரி கையின் ஏற்ற இறக்கம் ஒரே சீராகப் போக வேண்டும். கைப்பழக்கம் உள்ள பட்டறைக்காரர் இதைச் சில நிமிடங்களில் முடித்துவிடுவார்.

பல பட்டறைகளில் கோட்டை விடுவது அடுத்த வேலையில். ஹோனிங் முடிந்ததும் டீசல் நனைத்த வேஸ்ட் துணியால் ஒரு துடை துடைத்து மாட்டிவிடுகிறார்கள். கல்லில் இருந்து உதிர்ந்த பொடி கோடுகளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும்; டீசல் துணி அதை இன்னும் உள்ளேதான் தள்ளும். அந்தப் பொடி இரும்பைவிடக் கடினம். அதோடு இன்ஜினை ஓட்டுவது, ரிங்குக்கும் லைனருக்கும் நடுவில் எமரித் தாளை வைத்து ஓட்டுவதற்குச் சமம். வெந்நீரில் சோப்புத்தூள் கரைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஈரம் போகத் துடைத்த கையோடு சுத்தமான ஆயில் தடவ வேண்டும், தாமதித்தால் துருப்பிடிக்கும். பிறகு ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவணும். பக்கத்தில் நின்று இந்த ஒரு சோதனையை மட்டும் செய்யச் சொல்லுங்கள். மெக்கானிக் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, இன்ஜின் உங்களுடையது.

முதல் 50 மணி நேரம்

எல்லாம் சரியாகச் செய்து மாட்டிய இன்ஜினையும் கெடுக்க ஒரு வழி இருக்கிறது. ‘புது இன்ஜின், பாவம், மெதுவாக ஓடட்டும்’ என்று பாரமே இல்லாமல் மணிக்கணக்கில் ஐடியலில் ஓட விடுவது.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல. வெடிப்பு வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து வெளியே தள்ளுகிறது. பாரம் இருந்தால்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். அப்படி அழுத்தும்போது கோடுகளுக்கு இடையே நிற்கும் கூர்மையான முனைகள் மட்டும் மழுங்கி, மேலே தட்டையான மேடும் கீழே ஆயில் நிற்கும் பள்ளமுமாக ஒரு அமைப்பு உருவாகும். வயலில் பரம்படித்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடு சமமாகும், வாய்க்கால் அப்படியே இருக்கும். பாரம் இல்லாமல் ஓட்டினால் முனை மழுங்காது. சுவரில் நிற்கும் ஆயில் சூட்டில் காய்ந்து, அரக்கு பூசிய மாதிரி ஒரு படலம் பள்ளங்களை அடைத்துவிடும். பட்டறையில் இதை ‘கிளேஸ் ஆகிவிட்டது’ என்பார்கள். எமரி தேய்க்காமலே லைனர் கண்ணாடியாகிவிட்டது என்று அர்த்தம்.

அதற்காக முதல் நாளே சட்டிக் கலப்பையை மாட்டி ஆழ உழவும் வேண்டாம். நடுத்தரப் பாரம், அதையும் கூட்டிக் குறைத்து, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல். டிராக்டர் என்றால் டிரெய்லர் இழுப்பது, கொத்துக் கலப்பையில் லேசாக உழுவது போதும். பல கையேடுகளில் முதல் ஆயில் மாற்றம் 50 மணி நேரத்தில் என்று இருக்கும். அதைத் தள்ளிப்போடாதீர்கள். மழுங்கிய முனைகளின் இரும்புப்பொடி அத்தனையும் அந்த ஆயிலில்தான் இருக்கிறது.

கடிதம் எழுதியவர்கள் உடனே பிரிக்க வேண்டுமா என்று கேட்டால், முதலில் எத்தனை மணி நேரம் ஓடியது, எப்படி ஓடியது என்று பாருங்கள். லைனர் முறையாக ஹோனிங் ஆனதுதான், ஆனால் பாரம் இல்லாமல் சில மணி நேரமே ஓடியிருக்கிறது என்றால், நல்ல பாரத்தில் சில நாள் ஓட்டிப் பார்க்கலாம். டிப் ஸ்டிக்கில் தினமும் அளவைக் குறித்து வையுங்கள். குறைவது படிப்படியாகக் குறைந்தால் ரிங் உட்காருகிறது என்று பொருள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை வந்து நின்றுவிடுகிறது என்றால் வால்வு கைடு வழியாக ஆயில் இறங்குகிறதா என்று பாருங்கள். லைனர் மேல் பழி போட வேண்டாம். எமரி போட்டு மின்ன வைத்த லைனர் என்றால் வேறு வழியில்லை. பிரித்து, முறையாக ஹோனிங் செய்து, கழுவித்தான் ஆக வேண்டும். ஆனால் புது லைனர் வாங்கச் சொன்னால், அளவு பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அளவு மீறாத லைனருக்குக் கோடு போட்டால் போதும். பருத்திக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது என்றால், பக்கத்துத் தோட்டத்தில் முறைத் தண்ணீருக்குச் சொல்லிவிட்டுப் பிரியுங்கள். ஆயில் குறையக் குறைய ஊற்றி ஓட்டிச் சமாளிக்கலாம் என்று நினைத்தால், ஊற்ற மறந்த ஒரு நாளில் கிராங்க் பேரிங்கும் சேர்ந்து போகும்.

இன்னொன்று: ஏர் கிளீனர். வயல் தூசியில் இருக்கும் மணல் துகள் ஹோனிங் கோட்டை ஒரே பருவத்தில் தின்றுவிடும். ஆயில் பாத் வகை என்றால் குறியிட்ட அளவு வரை ஆயில் இருக்க வேண்டும். அடியில் சேறு தங்கினால் கொட்டிக் கழுவ வேண்டும். ரோட்டவேட்டர் ஓட்டும் நாட்களில் தினமும் பாருங்கள்.

குழி போடும் லேசர்

கீறல் போய் இப்போது குழி வந்திருக்கிறது. உராயும் பரப்பில் நுண்ணிய மேடு பள்ளம் இருந்தால் ஆயில் படலத்துக்குத் தூக்கும் சக்தி கூடும் என்று 1966-லேயே அமெரிக்காவில் ஹாமில்டன், வாலோவிட், ஆலன் என்ற மூவர் எழுதினார்கள். ஆனால் அவ்வளவு சின்னக் குழியை ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் போட அன்று வசதி இல்லை. 1990-களில் இஸ்ரேலின் ஹைஃபா நகரிலுள்ள டெக்னியான் நிறுவனத்தில் இசாக் எட்சியான் குழுவினர் லேசர் கற்றையால் அதைச் செய்து காட்டினார்கள். ஒவ்வொரு குழியும் ஏறக்குறைய 100 மைக்ரான் அகலம், 10 மைக்ரானை ஒட்டிய ஆழம். பம்புகளில் தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலில்தான் அதிகம் சோதித்தார்கள்.

குழி மூன்று வேலை செய்கிறது. ஆயிலையோ தண்ணீரையோ தேக்கி வைக்கிறது. மேற்பரப்பு நகரும்போது ஒவ்வொரு குழியும் குட்டி பேரிங் மாதிரி அழுத்தம் எழுப்பித் தூக்கிப் பிடிக்கிறது. உதிரும் துகளைத் தனக்குள் வாங்கிக்கொண்டு, அது உருண்டு கீறாமல் பார்த்துக்கொள்கிறது. மூன்றாவது வேலை நம் ஊர் நீர்மூழ்கி மோட்டாரிலும் நடக்கிறது. பம்பின் ரப்பர் பேரிங்கைப் பார்த்திருக்கிறீர்களா? உள்பக்கம் நீளவாக்கில் பள்ளங்கள் இருக்கும். தண்ணீர் அவற்றின் வழியாக ஓடி, உயவும் கொடுக்கிறது, மணலையும் அடித்துக்கொண்டு போகிறது. அந்தப் பேரிங்குக்குத் தண்ணீர்தான் ஆயில். கிணறு வற்றிக் காற்று இழுக்க ஆரம்பித்ததும் நிறுத்தச் சொல்வது இதற்காகவும்தான்.

ஆனால் குழி அதிகமானாலும் ஆழமானாலும் கெடுதல்தான். ஆயில் படலம் நன்றாகத் தடித்து ஓடும் இடத்தில் குழி போட்டால் உராய்வு கூடக்கூடச் செய்யும். பஞ்ச் வைத்துத் தட்டிப் பார்க்கலாமே என்று பட்டறையில் யாராவது ஆசைப்பட்டால் தடுத்துவிடுங்கள்.

கரிசலும் பிள்ளைப்பூச்சியும்

கலப்பைக்கு வருவோம். மண்ணும் இரும்பும் உரசும்போது நடப்பது வேறு கதை. 1837-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பகுதியில் ஜான் டியர் என்ற கொல்லர், உடைந்த ரம்பத் தகட்டை வளைத்து மெருகேற்றிக் கலப்பை செய்தார். அங்கிருந்த ஒட்டும் கறுப்பு மண் வார்ப்பிரும்புக் கலப்பையில் அப்பிக்கொண்டது. மெருகேற்றிய எஃகில் வழுக்கி விழுந்தது. ஆக, கலப்பைக்கு வழவழப்பு நல்லது. மண் ஓரளவு காய்ந்த பதத்தில் இருக்கும் வரை.

ஈரம் கூடினால்? 1931-ல் அலபாமாவில் நிக்கோல்ஸ் என்ற பொறியாளர் இதைப் பிரித்துக் காட்டினார். காய்ந்த மண் இரும்பில் சும்மா உரசும். ஈரம் ஏறும்போது மண் ஒட்டத் தொடங்கும். இழுக்கும் பாரம் ஏறும். இன்னும் ஈரம் கூடினால் தண்ணீரே ஆயில் மாதிரி வேலை செய்து பாரம் குறையும். தொளி உழவில் கலப்பை லேசாகப் போவது இதனால்தான். விருதுநகர், தூத்துக்குடிக் கரிசலில் மழைக்கு மறுநாள் உழப்போய் மாட்டிக்கொள்வது நடுவில் இருக்கும் அந்த ஒட்டும் கட்டத்தில். இரண்டு கண்ணாடித் துண்டுகளை நனைத்துச் சேர்த்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள், வராது. இறக்கைக் கலப்பையின் வழவழப்பான தகட்டுக்கும் ஈரக் கரிசலுக்கும் நடுவில் நிற்கும் தண்ணீர்ப் படலம் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறது. தகடு எவ்வளவு சமமாக இருக்கிறதோ, பிடி அவ்வளவு இறுகும்.

சேற்றிலேயே கிடந்தாலும் பிள்ளைப்பூச்சி மேல் சேறு ஒட்டாது என்று நம் பெரியவர்கள் உவமை சொல்வார்கள். சீனாவின் சாங்சுன் நகரில் ஜிலின் பல்கலைக்கழகத்தில் ரென் லூசுவான் குழுவினர் இதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார்கள். சாணத்தை உருட்டும் வண்டின் தலையிலும் முதுகிலும் கண்ணுக்கு எளிதில் தெரியாத சின்னச் சின்ன மொட்டுகள் இருப்பதைப் பார்த்து, அதே மாதிரிக் குமிழ்களைக் கலப்பைத் தகட்டிலும் மண் தள்ளும் இயந்திரத்தின் பலகையிலும் வைத்துச் சோதித்தார்கள். மண் மொட்டின் உச்சியை மட்டும் தொடுகிறது. நடுவில் காற்று நிற்கிறது. தண்ணீர்ப் படலம் தொடர்ச்சியாக இல்லாமல் அறுந்துபோவதால் பிடி விடுகிறது. தாமரை இலைக் கதையும் இதற்குப் பக்கத்துக் கதைதான். அதன் மேல் உள்ள மெழுகு பூசிய நுண்மொட்டுகள்தான் காரணம் என்று ஜெர்மனியின் பார்ட்லாட், நைன்ஹுயிஸ் இருவரும் 1997-ல் விரிவாக எழுதினார்கள்.

குமிழ் வைத்த கலப்பை நம் ஊர்க் கடையில் கிடைக்குமா என்று தேட வேண்டாம். அதே தத்துவம் பழைய வடிவத்தில் உண்டு. முழுத் தகட்டுக்குப் பதில் இடைவெளி விட்ட பட்டைகளால் ஆன இறக்கை. மண் தொடும் பரப்பு குறைகிறது. அதே பாரம் குறைந்த இடத்தில் விழுவதால் ஒட்டிய மண் தானே தள்ளிவிடப்படுகிறது. ஒட்டும் மண் உள்ள பல நாடுகளில் தகட்டின் மேல் வழுக்கும் பிளாஸ்டிக் பலகையைப் போல்ட் போட்டு இறுக்குவதும் உண்டு. சரளை கலந்த செம்மண்ணில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும், கரிசலுக்குத்தான் சரி.

காசில்லாத வைத்தியம் ஒன்று. உழுமுன் உழவு ஆழத்தில் ஒரு கைப்பிடி மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குத் திரி மாதிரி உடையாமல் நீண்டால் மண் இன்னும் ஒட்டும் கட்டத்தில்தான் இருக்கிறது. திரி ஆகும் முன்பே உடைந்து உதிர்ந்தால் கலப்பையை இறக்கலாம்.

வாசகர் கேள்விகள்

அம்மி கொத்துவதும் இதுவும் ஒன்றுதானே?

பார்க்க ஒன்று, வேலை நேர் எதிர். அம்மியில் கொத்தும் குழி, மிளகாய் வழுக்கி ஓடாமல் பிடித்து அரைக்க. அங்கே உராய்வு வேண்டும், நடுவில் ஆயில் படலமும் இல்லை. குழியின் அளவும் பல மடங்கு வித்தியாசம். லைனரில் அம்மி கொத்தின மாதிரி குழி விழுந்திருந்தால் அது துரு அல்லது தண்ணீர் அரிப்பு, லைனரை மாற்றுங்கள்.

ரோட்டவேட்டர் பிளேடு ஒரு பருவத்தில் தேய்ந்துவிடுகிறது. அதில் இந்தக் குழி வேலை போடலாமா?

பயனில்லை. ஆயில் நிற்கும் இடத்துக்குத்தான் நுண்குழி. மணல் உரசும் இடத்தில் சில மணி நேரத்தில் குழி காணாமல் போகும். அங்கே இரும்பின் கடினம்தான் பேசும். போரான் எஃகு பிளேடு வாங்குங்கள். தேய்ந்த முனைக்குக் கடினப் பூச்சு வெல்டிங் போடலாம். எல்லா பிளேடும் ஒரே எடையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தண்டு அதிரும்.

மோனோபிளாக் பம்பில் சீல் கசிகிறது. எமரியில் தேய்த்து மாட்டலாமா?

வேண்டாம். அந்த இரண்டு முகமும் கண்ணாடியைவிடச் சமமாகத் தேய்த்து வந்தவை. கையெழுத்து வேலைக்கு அங்கே இடமில்லை. கசிந்தால் ஜோடியாக மாற்றுங்கள். மாட்டும்போது முகத்தை விரலால் தொடாதீர்கள். கிளாண்டு கயிறு உள்ள பழைய பம்பு என்றால் சொட்டுச் சொட்டாகக் கசிவது தேவை. அந்தச் சொட்டுதான் கயிற்றுக்கும் தண்டுக்கும் உயவு. அறவே நிற்கும்படி இறுக்கினால் தண்டு வெட்டுப்படும்.

கலப்பையில் துருக்குழி விழுந்துவிட்டது. வண்டின் மொட்டு மாதிரி அதுவும் நல்லதுதானோ?

கேள்வி நன்றாக இருக்கிறது. ஆனால் மொட்டு மேடு, துரு பள்ளம். பள்ளத்தில் மண் புகுந்து பிடித்துக்கொள்ளும், அதன் மேல் இன்னும் மண் அப்பும். கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, சரளை இல்லாத மணல்சாரி நிலத்தில் சில சால் ஓட்டினால் தகடு மெருகேறிவிடும். பருவம் முடிந்ததும் தகட்டையும் கொழுவையும் கழுவிக் காயவைத்து, பழைய கிரீஸ் தடவி, தரையில் படாமல் கட்டை மேல் வையுங்கள். அடுத்த உழவுக்கு முன் அந்த கிரீஸைத் துடைக்க வேண்டியதில்லை. முதல் சாலிலேயே மண் துடைத்துவிடும்.